எட்டுப் பாதைக்கு வசூல் செய்யும் செங்கோட்டைப் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமார்களுக்கும் மாமாமார்களுக்கும் வணக்கம்.

விடியற்காலையில் புளியரை ரோட்டில் கைவீசி நடந்துவிட்டு, டீக்கடையில் உட்கார்ந்து நாட்டு நடப்பையெல்லாம் தீர்த்துவைத்துவிட்டு வீடு திரும்பும் உங்கள் குழு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு எட்டு வடிவத்தில் கூழாங்கல் பாதை ஒன்று அமைக்கப் போவதாக அப்பா போனில் சொன்னார். அவரும் பணம் கொடுத்துவிட்டாராம். மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கும் உங்கள் ஊர்ப் பெண்ணாகக் கேட்கிறேன், அந்தப் பணத்தைக் கல்லில் போடாதீர்கள். அதில் பாதியை வைத்தே உங்களில் பல பேர் கீழே விழாமல் இருக்க வழி செய்யலாம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னால் "சரிம்மா, செய்யறேன்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவீர்கள் என்பது எனக்குத் தெரியும், அதனால்தான் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி எழுதுகிறேன்.

எட்டு நடை கெட்டது என்று சொல்ல மாட்டேன். நேராக நடப்பதைவிட வளைந்து திரும்பி நடப்பது காலுக்கும் இடுப்புக்கும் கூடுதல் வேலை கொடுக்கும், வயதானவர்கள் பலர் தடுமாறுவதே சட்டென்று திரும்பும்போதுதான், ஆகவே திரும்பிப் பழகுவது நல்லது. ஆனால் அதற்குக் கல் எதற்கு? சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எட்டு வரைந்தால் முடிந்தது. வெறுங்காலோடு கல்லில் நடந்தால் பாதத்து நரம்பெல்லாம் தூண்டப்பட்டு உடம்பில் உள்ள எல்லா உறுப்பும் சீராகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பித்தானே கிளம்பியிருக்கிறீர்கள்? உங்கள் குழுவில் சுகர் இல்லாதவர்களைக் கை தூக்கச் சொல்லிப் பாருங்கள். பல வருஷம் சுகர் இருந்தால் பாதத்தில் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போகும், கல் குத்தியதும் தெரியாது, புண்ணானதும் தெரியாது, சாக்ஸில் ஈரம் பட்டு யாராவது பார்க்கும்போது விஷயம் கைமீறியிருக்கும். அதோடு நம் ஊர்ச் சாரலை யாராவது கணக்கில் எடுத்தீர்களா? ஜூன் பிறந்தால் முற்றத்துக் கல்லே பாசி பிடித்து வழுக்குகிற ஊரில், மழையில் கிடக்கும் உருண்டைக் கல்மேல் எழுபது வயது ஆட்களை வெறுங்காலோடு நடக்கவிடும் யோசனையை யார் சொன்னார்களோ, அவரை முதலில் நடக்கச் சொல்லுங்கள்.

சரி, கல்லை விடுவோம். "நாங்கள்தான் தினமும் நடக்கிறோமே, வேறு என்ன வேண்டும்?" என்பதுதான் உங்களில் பெரும்பாலானோர் கேட்கப்போகிற கேள்வி. நடை இதயத்துக்கு நல்லது, சுகருக்கு நல்லது, பேச்சுத்துணைக்கு இன்னும் நல்லது, அதை விடவே விடாதீர்கள். விழாமல் இருப்பதற்கு மட்டும் அது போதாது. முதியோர் விழுவதைப் பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைச் சேர்த்து, மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2019இல் ஒரு தொகுப்பு வெளியிட்டது. 108 ஆய்வுகள், 25 நாடுகள், 23,407 பேர். சமநிலைப் பயிற்சியும், உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது மாதிரி அன்றாட அசைவுப் பயிற்சிகளும் செய்தவர்கள் விழுவது 24 சதவீதம் குறைந்தது. அதோடு தசையை வலுவாக்கும் பயிற்சியும் சேர்ந்தபோது 34 சதவீதம். நடை மட்டும் என்று வரும்போது, விழுவது குறைகிறதா இல்லையா என்று உறுதியாகச் சொல்லவே அவர்களால் முடியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில் 65 வயது தாண்டியவர்களுக்கு, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடை மாதிரியான மிதமான உழைப்போடு நிறுத்தாமல், குறைந்தது 3 நாள் சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி வேண்டும் என்று சேர்த்துச் சொல்லியிருக்கிறது. நாம் அந்த முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

உங்கள் வயதில் ஒரு அண்ணாச்சி, பெயர் வேண்டாம், தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர், சுகர், பிபி எல்லாம் கட்டுக்குள் இருக்கிறது. என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைக் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னேன். முன்னால் சாய்ந்தார், முக்கினார், எழவில்லை. "சேர் பள்ளமா இருக்கு" என்றார். சேர் சாதாரண உயரம்தான். நடக்கும்போது தொடையும் புட்டமும் அவ்வளவு பாரம் தூக்குவதில்லை, அதனால் நடை எவ்வளவு கூடினாலும் அந்தத் தசைகள் ஒரு கட்டத்துக்கு மேல் வலுக்காது. ஐம்பதைத் தாண்டிய பிறகு வருஷத்துக்கு 1 முதல் 2 சதவீதம் தசை கரைகிறது, வலு அதைவிட வேகமாகப் போகிறது, அதிலும் கால் இடறியதும் சட்டென்று அடுத்த காலை முன்னால் வைத்து உடம்பைப் பிடித்து நிறுத்துகிற வேகத் தசை இழைகள்தான் முதலில் சுருங்குகின்றன. இருபது வயதில் கல் தடுக்கினால் இரண்டு எட்டு ஓடி நிற்போம். எழுபதில் தடுக்கினால் விழுகிறோம். கல் அதே கல்தான்.

"இந்த வயசுல இனி எங்க வலு ஏறப் போகுது" என்று யாராவது இழுத்தால் இதைச் சொல்லுங்கள். 1990இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரி வயது 90 உள்ள பலவீனமானவர்களுக்கு 8 வாரம் கனமான எடை வைத்துத் தொடைப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. உங்கள் குழுவில் 90 வயதுக்காரர் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை, எல்லாரும் சின்னப் பிள்ளைகள்தான்.

அடுத்து நடுவுடம்பு. வயிறு, இடுப்பு, முதுகைச் சுற்றியிருக்கும் தசைகளைத்தான் ஜிம் பையன்கள் கோர் என்று சொல்லி, வயிற்றில் கட்டுக்கட்டாகத் தெரிய வேண்டும் என்று படாதபாடு படுகிறார்கள். நமக்கு அது தேவையில்லை. உள்ளே ஆழத்தில், வயிற்றைச் சுற்றி அகலமான பெல்ட் மாதிரி ஒரு தசை இருக்கிறது, முதுகெலும்பை ஒட்டிச் சின்னச் சின்னத் தசைகள் இருக்கின்றன, மேலே மூச்சுத்தசை, கீழே இடுப்புக்கூட்டின் அடித்தளத் தசை. நீங்கள் பரணில் இருக்கும் டப்பாவை எடுக்கக் கையைத் தூக்கினால், கை அசைவதற்கு ஒரு நொடியின் சிறு துளி முன்னாலேயே அந்த உள்தசை இறுகி உடம்பை நிலைநிறுத்திவிடும். அது சோம்பிப் போனவர்களுக்குக் கை மேலே போகும்போது உடம்பு ஆட்டம் காணலாம். நெல் மூட்டை தூக்கியவர்களுக்கும், கிணற்றில் நீர் இறைத்தவர்களுக்கும், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தவர்களுக்கும் இந்தத் தசைகள் வேலையிலேயே பழகின. இப்போது மோட்டார் போட்டால் தண்ணீர் வருகிறது, டைனிங் டேபிள் வந்துவிட்டது, டாய்லெட்டும் வெஸ்டர்ன். வசதியைக் குறை சொல்லவில்லை, முட்டிவலிக்காரர்களுக்கு அது வரம், ஆனால் அந்தத் தசைகளுக்கு வேலை கொடுக்க வேறு எதையும் நாம் வைக்கவில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. கோர் என்றதும் மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்கி முட்டியைத் தொடும் சிட்டப்பை யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். எலும்பு மெலிந்தவர்கள் முதுகை முன்னால் சுருட்டி வளைத்தால் முதுகெலும்பு நொறுங்கும் ஆபத்து உண்டு. குனிந்து கால் பெருவிரலைத் தொடுகிறேன் என்ற பந்தயமும் வேண்டாம்.

சமநிலை என்பது கால் மட்டும் பார்க்கிற வேலை இல்லை. கண், உள்காது, பாதத்தின் உணர்ச்சி என்று மூன்று இடத்திலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது, ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். வாஷ்பேசினில் நின்று முகத்துக்கு சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் உங்களுக்கு ஆடுகிறதா? கை தானாகச் சுவரைத் தேடுகிறதா? அப்படியென்றால் இத்தனை நாள் உங்களை நிறுத்திவைத்தது பெரும்பாலும் கண்தான், பாதம் தன் வேலையைக் குறைத்துக்கொண்டது என்று அர்த்தம். ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் பாத்ரூமுக்குப் போகும்போது கண்ணும் உதவாது. இப்படி ஆடுகிறவர்கள் பயிற்சிக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சரி, பணத்தை என்னதான் செய்வது. நடை முடித்து நீங்கள் உட்காருகிற மண்டபத்தின் சுவரில், இடுப்பு உயரத்தில், நீளமாக ஒரு இரும்புக் குழாயைப் பலமாகப் பதிக்கச் சொல்லுங்கள். கை வைக்காத கனமான மர நாற்காலிகள் கொஞ்சம் வாங்குங்கள், பிளாஸ்டிக் சேர் வேண்டாம், வழவழத் தரையில் அது பின்னால் நழுவிவிடும், விழாமல் இருக்கப் போன இடத்தில் விழுந்த கதையாகிவிடும். வழுக்காத ரப்பர் பாய் ஒன்றிரண்டு. இவ்வளவுதான் சாமான். பூங்காக்களில் போட்டிருக்கிற சக்கரம் சுற்றும், ஊஞ்சல் ஆடும் மெஷின்கள் வேண்டாமா என்று கேட்பீர்கள். அதில் ஏறி நின்று காலை வீசுவது ஆனந்தமாகத்தான் இருக்கும், ஆனால் இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் உங்கள் சமநிலைக்கு அங்கே பரீட்சையே நடப்பதில்லை.

வாரத்தில் 3 நாள், அரை மணி நேரம், நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். முதலில் நாற்காலி. முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தை முட்டிக்கு நேர்க் கீழே வைத்து, கையை நெஞ்சில் கட்டி எழுந்திருங்கள், உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்குங்கள், இறங்கும்போதும் தொடைக்கு நல்ல வேலை. முடியாதவர்கள் தொடையில் கை ஊன்றி ஆரம்பிக்கலாம், அல்லது நாற்காலியில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம், வாரம் போகப் போக தலையணையை எடுத்துவிட வேண்டும். உங்கள் நிலையைத் தெரிந்துகொள்ள இதையே பரீட்சையாகவும் வைக்கலாம்: கை உதவியில்லாமல் 30 நொடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 70 முதல் 74 வயது ஆணுக்கு 12க்குக் குறைந்தாலும், பெண்ணுக்கு 10க்குக் குறைந்தாலும் விழும் ஆபத்து கூடுதல் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. போட்டி போட்டுக்கொண்டு மூச்சு முட்டச் செய்யாதீர்கள், உங்களைப் பற்றித் தெரிந்துதான் சொல்கிறேன்.

அப்புறம் குழாயைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி நிற்பது, அதேபோல் முன்பாதத்தை உயர்த்தி நிற்பது, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடப்பது. நிற்கும் பயிற்சி படிப்படியாக ஏறும். முதலில் இரண்டு பாதத்தையும் ஒட்டி நில்லுங்கள், பிறகு ஒரு பாதத்தைப் பாதி முன்னால் நகர்த்தி, பிறகு ஒரு குதிகால் மற்ற காலின் விரலைத் தொடுகிற மாதிரி ஒரே கோட்டில், கடைசியாக ஒற்றைக் காலில். ஒவ்வொன்றிலும் 10 நொடி. ஒரே கோட்டில் 10 நொடி நிற்க முடியாதவர்கள் கவனமாக இருக்க வேண்டியவர்கள், பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யக்கூடாது. கை குழாய்க்குச் சற்று மேலே இருக்கட்டும், தடுமாறினால் பிடிக்க. கொஞ்சம்கூட ஆடாமல் நிற்க முடிந்தால் உங்களுக்கு அந்தப் படி சுலபமாகிவிட்டது, அடுத்ததற்குப் போங்கள். ஆடி, சமாளித்து, நிற்பதுதான் பயிற்சி.

நடுவுடம்புக்கு வீட்டில் கட்டிலிலேயே செய்யலாம். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பாதத்தை ஊன்றி இடுப்பை மெதுவாக மேலே தூக்கி, ஐந்து எண்ணி இறக்குவது. அடுத்து சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பை நேர்ப்பலகையாகச் சாய்த்து நிற்பது. முட்டி ஒத்துழைத்தால் பாயில் நாலு காலில் நின்று, எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. எதிலும் மூச்சை அடக்காதீர்கள், பிபி எகிறும். வாயால் எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக ஓடும்.

இதையெல்லாம்விட நான் முக்கியமாக நினைப்பது, தரையிலிருந்து எழுந்திருக்கப் பழகுவது. விழுந்தபின் அடி பெரிதாக இல்லாவிட்டாலும் எழ முடியாமல் மணிக்கணக்கில் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், வீட்டில் தனியாக இருப்பவர்கள், பிள்ளைகள் வளைகுடாவிலும் பெங்களூரிலும். வலி இருந்தால் எழாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். வலி இல்லையென்றால் முதலில் பக்கவாட்டில் புரளுங்கள், முழங்கையை ஊன்றி, நாலு காலுக்கு வாருங்கள், பக்கத்துக் கட்டில் அல்லது நாற்காலி வரை தவழுங்கள், அதில் கை வைத்து, வலுவான காலை முன்னால் ஊன்றி எழுந்து, உடனே நடக்காமல் அதிலேயே உட்காருங்கள். இதைத் துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறையாவது ஒத்திகை பாருங்கள். முட்டி இடம் கொடுத்தால் நாளில் ஒரு வேளையாவது பட்டாசல் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுங்கள், அதுவே பாதிப் பயிற்சி. முட்டியோ இடுப்போ மாற்று ஆபரேஷன் செய்தவர்கள் மட்டும் உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று, இது கொஞ்சம் கோபத்தோடு. உங்கள் குழுவில் பெண்கள் எங்கே? ஆச்சிமாரும் அத்தைமாரும் "எங்களுக்கு வீட்டு வேலையே எக்சர்சைஸ்தான்" என்று சொல்கிறார்கள், நீங்களும் தலையாட்டுகிறீர்கள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாக மெலிவது அவர்களுக்குத்தான். என்னிடம் இடுப்பு எலும்பு முறிந்து வருகிறவர்களில் பெண்கள்தான் அதிகம், பெரும்பாலும் புறவாசலில், துணி துவைக்கிற கல் பக்கத்தில், ஈரத்தில் விழுந்தவர்கள். புனலூர்ப் பக்கத்து அம்மச்சி ஒருத்தி, எண்பதைத் தாண்டியவர், இடுப்பில் ஆபரேஷன் முடிந்து முதல் நாள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "மோளே, எனிக்கு பஸ்ஸில் கேறணும்." பஸ்ஸில் ஏறி அச்சன்கோவிலுக்குப் போக வேண்டுமாம். பஸ் படியைக் குறிவைத்தே பயிற்சியை அமைத்தோம், முதலில் ஒரு செங்கல் உயரம், பிறகு இரண்டு. ஏறிவிட்டார். எல்லாருக்கும் இப்படி முடிவதில்லை, இடுப்பு எலும்பு முறிந்தவர்களில் ஐந்தில் ஒருவராவது ஒரு வருஷத்துக்குள் இறந்துவிடுகிறார்கள் என்று பல நாட்டுக் கணக்குகள் சொல்கின்றன. முறிந்தபின் செய்வதை முறிவதற்கு முன் செய்யுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன். பெண்களுக்குக் காலை நேரம் சரிப்படாது, சாயங்காலம் நாலு மணி வாக்கில் அதே மண்டபத்தை அவர்களுக்கு விடுங்கள். உங்களை வைத்துக்கொண்டு அவர்கள் காலைத் தூக்கி நிற்க மாட்டார்கள், அதனால் அந்த நேரத்தில் அங்கே சீட்டுக் கச்சேரி வேண்டாம்.

மாத்திரை விஷயமும் சொல்லிவிடுகிறேன், பயிற்சி எவ்வளவு செய்தாலும் இது குறுக்கே வரும். பிபி மாத்திரை, தூக்க மாத்திரை, புரோஸ்டேட்டுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள் எல்லாம் எழுந்து நின்றதும் ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கியோ, மயக்கமாக வைத்தோ தள்ளாட வைக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் "எழுந்ததும் தலை சுத்துது" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். ராத்திரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கொஞ்ச நேரம் காலை ஆட்டிவிட்டுப் பிறகு நில்லுங்கள். தேய்ந்துபோன ஹவாய் செருப்பைத் தூக்கிப் போடுங்கள். வெளியே வரவே முடியாதவர்கள் உங்கள் தெருவில் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் சேவைகளில் பிசியோதெரபியும் உண்டு, நர்சிடம் கேட்டுப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

நம் ஊர் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. உங்களில் மூத்தவர்கள் அங்கே பிறந்து, வீடு மாறாமலேயே இங்கே வந்தவர்கள். இன்றைக்கு நாட்டிலேயே முதியோர் பங்கு அதிகமுள்ள மாநிலம் கேரளா, அடுத்தது தமிழ்நாடு. 2021க்கான மதிப்பீட்டில் அங்கே 16.5 சதவீதம், இங்கே 13.6. எந்தப் பக்கத்தில் வைத்து எண்ணினாலும் நீங்கள் பெரிய கூட்டம்தான், அதனால் மண்டபத்துக்காரரிடம் குழாய் பதிக்க அனுமதி கேட்கும்போது தயங்காமல் எல்லாரும் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன். காலை ஆறரைக்கு மண்டபத்தில் இருப்பேன், எல்லாருக்கும் நாற்காலிப் பரீட்சை வைத்து, யார் எந்தப் படியில் ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன். வரும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்து வாருங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாருங்கள், வெறும் வயிற்றில் வராதீர்கள். சுகர் மாத்திரை போடுகிறவர்கள் கட்டாயம் இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டிருக்க வேண்டும். பெண்களுக்கு அன்றைக்கே நாலு மணி, அதை வீட்டில் சொல்லும் பொறுப்பு உங்களுடையது.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்